தண்டல் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது எப்படி

எங்கள் சபை மாதர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி, ஆராதனை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவங்களப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது. நேசியுங்கள், நேசியுங்கள்னு பிரசங்கத்துல சொல்றாங்க. எப்படின்னு யாரும் சொல்லலையே?" அவள் சொன்னது தன் மாமியாரை. நியாயமான கேள்வி. கை ஈரத்தோடு நின்றபடி அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனிதரிடம், எங்கள் பழைய தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மேற்பார்வையாளரான தண்டலிடம், கற்றுக்கொண்டது. அவரை வைத்தே சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பிறந்து வளர்ந்தது ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். 1978இல் எனக்கு 16 வயது. ஒரு நாள் தம்பிக்கு இரவெல்லாம் காய்ச்சல். அம்மா விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கால் மணி நேரம் பிந்திப் போனார். தண்டல் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி, இன்றைக்கு வேலை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். குளிர்ச்சி இருக்கும்போதே மரத்தைச் சீவ வேண்டும், வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது. பால் குறைந்தால் தண்டல் தோட்டத்து எழுத்தரான கிராணிக்குப் பதில் சொல்ல வேண்டும், கிராணி மேனேஜரான துரைக்குச் சொல்ல வேண்டும். இதெல்லாம் இன்று எனக்குப் புரிகிறது. அன்று கண்ணில் பட்டது, அம்மா காலி வாளியோடு லயத்துக்குத் திரும்பி வந்ததும், யாரிடமும் பேசாமல் துணி துவைக்கப் போனதும்தான்.

அப்புறம் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. லயங்களை உடைத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் டவுன் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலிவு விலை வீடு ஒன்று வாங்கி வந்தோம். சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போது பார்த்தால், மூன்று வீடு தள்ளித் தண்டலும் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து மக்களுக்கு இது புதிதில்லை. தோட்டம் போனாலும் அதன் மேல் கீழ், பழைய கோபதாபம் எல்லாம் லாரியில் கூடவே ஏறி வந்துவிடும். இருபது வருடம் ஒரே தெருவில் இருந்தோம். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் உள்ளத்தில் அன்பு வரட்டும், பிறகு போய் ஏதாவது செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் அந்த இருபது வருடமும் அப்படித்தான் காத்திருந்தேன், வரவில்லை. வேதாகமத்தில் யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. உன் சத்துருவின் மாடோ கழுதையோ தப்பிப் போவதைக் கண்டால், அதைத் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடு. அவ்வளவுதான். அவனைப் பார்த்துச் சிரி என்று அங்கே இல்லை. அவனை உனக்குப் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. கழுதையைப் பிடி, கொண்டுபோய்க் கட்டு. மனசு கசப்பாக இருக்கும்போதும் கையால் செய்யக்கூடிய ஒன்றைத்தான் ஆண்டவர் முதலில் கேட்கிறார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அதனால் அவருடைய கழுதை எது என்று பாருங்கள். எங்கள் தெருவில் அது குப்பைத்தொட்டி. புதன்கிழமை லாரி வந்து போனதும் காலித் தொட்டியைக் காற்றும் நாயும் உருட்டிக்கொண்டு போய் வடிகாலில் தள்ளிவிடும். தண்டலின் மனைவி இருந்தவரை அந்த அம்மா வந்து இழுத்துப் போவார். 2018இல் அவர் இறந்துபோனார். அதற்கு அடுத்த வாரம் தொட்டி மத்தியானம் வரை வடிகாலிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய் அவர் கேட்டருகில் நிறுத்தினேன். பேசவில்லை, மணி அடிக்கவில்லை. நாலைந்து மாதம் இதை மட்டும்தான் செய்தேன். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேச்சு தேவைப்படாத, ஐந்து நிமிஷத்தில் முடிகிற, நன்றியை எதிர்பார்க்க வழியே இல்லாத ஒரு வேலையாகப் பாருங்கள். காய்ந்த துணி மழையில் நனைகிறதா, எடுத்து வையுங்கள். தபால்காரர் கடிதத்தை மாற்றிப் போட்டுவிட்டாரா, கொண்டுபோய்ச் செருகிவிட்டு வாருங்கள்.

பிறகுதான் கஞ்சி. அவர் சமைக்கத் தெரியாதவர் என்று தெருவுக்கே தெரியும். முதல் மூன்று மாதம் நான் தனியாகப் போகவில்லை, தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தனியாக இருக்கும் ஆண் வீடு என்றால் துணையோடு போங்கள், முன்கதவைத் திறந்தே வையுங்கள். இதில் அன்புக் குறைவு ஒன்றும் கிடையாது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதும் முக்கியம். நான் பாசமாக இருக்கட்டும் என்று "பெரியப்பா" என்றேன். "நான் உனக்கு என்னா பெரியப்பா? உங்கப்பன் எனக்கு அண்ணனா தம்பியா?" என்று கத்தினார். உறவு முறையை நாமே எடுத்து ஒருவர் தலையில் வைக்க முடியாது. "சரிங்க ஐயா" என்றேன். அதிலிருந்து ஐயாதான்.

முதல் வருடம் கஞ்சி பாதி நாள் திரும்பி வந்தது. உப்பில்லை, ஆறிப்போச்சு, நீ ஏதோ கலந்துட்ட. ஒரு நாள் டம்ளரையே தூக்கிப் போட்டார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, அவர் கத்திய நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுத ஆரம்பித்தேன். அவர் மேல் குற்றம் சேர்த்து வைக்க எழுதவில்லை, எனக்கு விளங்க வேண்டும் என்று எழுதினேன். மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. கத்தல் எல்லாம் காலை பத்து மணியை ஒட்டித்தான். கை நடுக்கமும் வேர்வையும் அப்போதுதான். மத்தியானத்துக்கு மேல் போன நாட்களில் முணுமுணுப்போடு சரி.

கிளினிக்கில் எனக்குத் தெரிந்த மிஸியிடம், அதாவது நர்சிடம், கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "ஊசி எத்தனை மணிக்குப் போடுறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுறார்?" தண்டலுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். மனைவி இருந்தபோது காலை ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார், ஏழே காலுக்குத் தோசை வந்துவிடும். மனைவி போன பிறகும் ஊசி ஏழு மணிக்கே. தோசைதான் இல்லை. ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, பத்தரைக்கு நான் கொண்டுபோகும் கஞ்சிக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கம், வேர்வை, குழப்பம், எரிச்சல் எல்லாம் வரும், மயங்கியும் விழலாம் என்று மிஸி சொன்னார். நான் அன்பு காட்டுவதாக நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பிந்திப் போயிருக்கிறேன். கால் மணி நேரம் பிந்தியதற்காக அம்மாவைத் திட்டியவர் என்று நான் மனத்தில் வைத்திருந்த மனிதரிடம்.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே கஞ்சி போனது. நடுக்கம் வந்தால் உடனே குடிக்க, மிஸி சொன்னபடி, சீனி போட்ட தண்ணீருக்கு ஏற்பாடு செய்து வைத்தேன். பாதிக் கோபம் போய்விட்டது. அது சர்க்கரை இறங்கியதால் வந்த கோபம். மீதி அவருடையதுதான், அது இன்றைக்கும் இருக்கிறது. ஆகவே ஒருவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். காது கேட்கிறதா பாருங்கள். காது மந்தமானவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள், நாம் மெல்லப் பேசினால் மறைத்துப் பேசுகிறோம் என்று நினைப்பார்கள். பணத்தைத் திருடிவிட்டாய் என்று வயதானவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அது மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். சண்டை போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பரிசோதித்தும் நோய் ஒன்றும் இல்லையென்றால், சரி, அப்போது இது அவருடைய குணம் என்று தெரிந்துகொண்டு நடக்கலாம்.

அந்தக் கழுதைக் கட்டளைக்கு அடுத்த வசனத்தையும் பாருங்கள். பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், "அவனுடனேகூட" அதற்கு உதவி செய் என்று இருக்கிறது. அவனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நீ தூக்கு என்று இல்லை. அவனும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். நான் ரொம்ப நாள் இதை விட்டுவிட்டேன். கொடுத்துக்கொண்டே இருந்தேன், வாங்கிக்கொண்டே இருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு கசப்பாக இருக்கும் என்று யோசிக்கவில்லை. நூறு பேரை வேலை வாங்கியவர் அவர்.

ஒரு நாள் என் வீட்டு அரிவாள்மனையும் கத்தியும் மழுங்கிப்போய்த் தக்காளிகூட நசுங்கியது. கத்தியைத் துணியில் சுற்றிக் கஞ்சியோடு எடுத்துப்போய், "ஐயா, இதைக் கொஞ்சம் தீட்டித் தருவீங்களா?" என்றேன். வாங்கிப் பார்த்தார். "என்னா இது, கத்தியா, தோசைத் திருப்பியா?" என்றார். எழுந்து போய்க் குசினித் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு சாணைக்கல்லை எடுத்து வந்தார். நடுவில் தேய்ந்து தேய்ந்து ஓடம் மாதிரிக் குழிந்த கல். ஈரச் சாக்கைத் தரையில் விரித்து, கல் நகராதபடி அதன் மேல் வைத்து, தண்ணீர் தெளித்தார். கை நடுங்கும் மனிதர். கத்தி கல்லைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரே சரிவு, ஒரே அழுத்தம், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி கல்லில் ஊறியதை விரலால் வழித்தார். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் கத்தி விளிம்பை லேசாக வைத்துப் பார்த்தார். வழுக்கினால் இன்னும் மழுங்கல், நகத்தில் பிடித்து நின்றால் சரி. "பிடிக்குது பார்" என்று என் நகத்திலும் வைத்துக் காட்டினார். அந்த அரை மணி நேரத்தில் அவர் என்னைத் திட்டவில்லை. கத்தியை வைத்திருந்த விதத்துக்காக மட்டும் திட்டினார், அது நியாயம்.

உங்கள் வீட்டுக் கடினமான மனிதரிடமும் இப்படி ஒன்று இருக்கும். மாமியார் என்றால் ஒரு குழம்பாக இருக்கலாம், நாத்தனார் என்றால் ரவிக்கை வெட்டும் கையாக இருக்கலாம். மெய்யாகவே உங்களுக்குத் தேவையானதைக் கேளுங்கள். ஒப்புக்குக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கஞ்சிக்கு அடியில் சுவிசேஷக் கைப்பிரதியைச் செருகி அனுப்பாதீர்கள். எங்கள் சபையிலேயே இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் சொல்கிறேன். தண்டல் வீட்டில் முனியாண்டி சாமி படம் இருக்கிறது, விளக்கு எரிகிறது. நான் ஏன் வருகிறேன் என்று அவர் ஒரு முறை கேட்டார். "இயேசு சாமி சொல்லியிருக்கார், அதனால வர்றேன்" என்றேன். கேட்டார், சொன்னேன், அதோடு விட்டேன். மதம் மாற வேண்டும் என்பதற்காகக் கொடுத்த கஞ்சி என்று ஆகிவிட்டால், அது கடன் மாதிரி. மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு என்றால் வீட்டுச் சமையலைச் சாப்பிட அவர்கள் தயங்கலாம். பழமோ, ஹலால் முத்திரை உள்ள பிரிக்காத பொட்டலமோ கொடுங்கள்.

காசு கேட்டால்? தண்டல் கேட்டதில்லை, ஆனால் அவர் மகன் வந்து கேட்டிருக்கிறார், அதுவும் சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கிய கடனுக்கு. கையில் காசு கொடுக்காதீர்கள். மின்சார பில்லை நீங்களே கட்டுங்கள், அரிசி வாங்கிப் போடுங்கள். பிணைக் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். கடனுக்குப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் 22ஆம் அதிகாரமே எச்சரிக்கிறது.

சபைக்குள் இருக்கும் கடினமானவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்சப்பில் எழுதியதற்கு வாட்சப்பில் பதில் வேண்டாம், நேரில் போங்கள். பவுல் பிலிப்பி சபைக்கு எழுதும்போது எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களை ஒரே சிந்தையாய் இருக்கச் சொல்கிறார். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மூன்றாவது ஒருவரிடம், நீ இவர்களுக்கு உதவி செய் என்று கேட்டுக்கொள்கிறார். இரண்டு பேரும் நம்புகிற ஒருவர் நடுவில் வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தக் கடினமான மனிதர் கை ஓங்குகிற கணவராக இருந்தால், மேலே நான் சொன்ன எதையும் அவரோடு ஒரே வீட்டில் இருந்து செய்து பார்க்காதீர்கள். சவுல் ராஜா கொல்லத் தேடியபோது தாவீது அவனை இரண்டு தரம் உயிரோடு விட்டான். ஆனால் "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று சவுல் கூப்பிட்டபோது போகவில்லை. சவுலின் ஈட்டியை ஒரு வாலிபன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். பழி வாங்காமல் இருப்பது வேறு, அடிக்கிற கைக்குப் பக்கத்தில் போய் நிற்பது வேறு. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம், பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், ஆபத்து என்றால் 999. பொறுத்துப் போ என்று சபையில் யாராவது சொன்னால், என்னிடம் வாருங்கள்.

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்கலாமா? நான் எதிர்பார்த்தேன். நாலாவது வருடம் ஒரு நாள் அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது அம்மாவைப் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். அம்மா சாகும்வரை மறக்காத ஒரு காலைப்பொழுது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. அதன் பிறகு மூன்று நாள் நான் போகவில்லை, தம்பி மனைவிதான் போனாள். இப்படிப் போக முடியாத நாட்கள் உங்களுக்கும் வரும். அந்த நாட்களில் வேறு ஒருவரை அனுப்புங்கள், ஊசி போட்டவருக்குச் சாப்பாடு போய்விட வேண்டும். நான் ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். "ஆண்டவரே, அவரை மாற்றும்" என்ற ஜெபம் எனக்கு அதுவரை ஒன்றும் செய்ததில்லை. அந்த மூன்று நாளும் அவருடைய பெயரைச் சொல்லி, அவர் கால் புண், அவர் கண், போன் பண்ணாத மகன், காலியான அந்தக் கட்டில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மாவின் காலி வாளியையும் சொன்னேன். நாலாவது நாள் போனேன். எனக்குள் அன்பு வந்துவிட்டதா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. போகாத நாளில் மனசு கேட்பதில்லை, அது உண்மை.

தனியாகச் சுமக்காதீர்கள். இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன்கூட அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, ஒரு இராத்திரி பார்த்துக்கொண்டு, மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுப் போனான். திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றான். அவனுக்கும் வேறு வேலை இருந்தது. எனக்கும் ஜொகூர் பாருவில் மகளுக்குப் பிரசவம். இரண்டு மாதம் போகிறேன். தம்பி மனைவிக்கு முழங்கால் சரியில்லை. ஆகவே இந்த முறை, மாமியாரைப் பற்றிக் கேட்ட அந்தத் தங்கச்சியிடமே பொறுப்பைக் கொடுக்கிறேன். அவளுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு கடினமான மனிதரிடம் முதலில் கை பழகட்டும். மாமியாரிடம் அப்புறம் போகலாம். அவளுக்காக ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருப்பது இது:

காலை 7 மணிக்கே துணையோடு போய்விடு. ஊசி போட்டாரா என்று கேள், போட்டிருந்தால் உடனே சாப்பிட வை. வலது பக்கம் நின்று பேசு, இடது காது கேட்காது. உப்பு குறைவு என்பார், கூட்டாதே. புதன்கிழமை தொட்டி. கத்தி மழுங்கினால் கழுவித் துடைத்துக் கொண்டுபோ, உட்கார்ந்து பார், பாதியில் எழுந்து வராதே. மகனைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். தட்டைத் தள்ளிவிட்டால் தரையைத் துடைத்துவிட்டு "நாளைக்கு வர்றேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வா, மறுநாள் போ. என்னை எங்கே என்று கேட்டால், பேரப்பிள்ளை பிறந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்.